இலவச ஆன்லைன் கடை மென்பொருள்: காசு எங்கிருந்து வருது? டெல்டா வியாபாரிகள் தெரிஞ்சுக்க வேண்டிய 'பிளகின்' கணக்கு

மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார் அரிசி. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, நெட்டி வேலைப்பாடு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. காவிரி டெல்டாவில் விளைவதையும் செய்வதையும் சொந்த இணையதளம் போட்டு விற்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான்: "சாஃப்ட்வேர் ஃப்ரீதான் சார், அதுக்கு ஒரு பைசா வேண்டாம்."

அது பொய் இல்லை. ஆனால் கடை ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்த பேச்சு வரும். "எடைக்கு ஏத்த மாதிரி டெலிவரி சார்ஜ் போடணுமா? அதுக்குத் தனி பிளகின். வருஷா வருஷம் காசு கட்டணும்."

ஃப்ரீன்னு சொல்லிட்டு இப்போ காசு கேட்டா அது ஏமாத்து வேலைதானே?

இல்லை. உலகம் முழுக்கப் பல லட்சம் ஆன்லைன் கடைகளை ஓட்டும் மென்பொருள்கள் பிழைத்திருப்பதே இந்தக் காசில்தான். இந்தக் காசு யாருக்குப் போகிறது, எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்? டெல்டா வியாபாரிக்கு இந்த ஏற்பாட்டில் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆன்லைனில் கடை போட எத்தனை வழி இருக்கு?

மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெரிய சந்தையில் ஒரு மூலையைப் பிடிப்பது. கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கும். ஆனால் விற்பனைக்குக் கமிஷன் உண்டு, வாடிக்கையாளரும் உங்களுடையவர் அல்ல, சந்தையுடையவர்.

இரண்டாவது, ஷாப்பிஃபை போல மாத வாடகைக்குக் கடை எடுப்பது. எல்லாம் தயாராக இருக்கும். வாடகை நின்றால் கடை மூடப்படும். அங்கேயும் கூடுதல் வசதிகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் செயலிகள் உண்டு.

மூன்றாவது, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இறக்கி, சொந்தமாக ஒரு சர்வரில் போட்டுக் கடை கட்டுவது. வூகாமர்ஸ், மஜென்டோ, ஓப்பன்கார்ட், பிரஸ்டாஷாப், இந்தியாவின் பகிஸ்டோ எல்லாம் இந்த வகை. மென்பொருளுக்கு விலை இல்லை. டொமைன், ஹோஸ்டிங், அமைத்துத் தருபவரின் கூலி ஆகியவை தனிச் செலவு. நாம் பேசப்போவது இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான்.

ஓப்பன் சோர்ஸ்னா இலவசம்னு அர்த்தமா?

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல்தான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று சரியாகவே சொல்கிறோம். விலை இல்லாதது என்பது இதன் பொருள் அல்ல, கட்டுப்பாடு இல்லாதது என்பதுதான்.

அதாவது, அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். மாற்றலாம். மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

இதில் பரவலாக இருக்கும் உரிமம் ஜிபிஎல். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள டெல்டாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கம் கிராமத்தில், பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேகரித்த 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்தார். வரும் விவசாயிகளுக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னொரு விவசாயிக்குப் போகும். விதைக்கு விலை இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு.

ஜிபிஎல் உரிமமும் ஏறக்குறைய அப்படித்தான். வாங்கிய நிரலை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

சரி, பூட்ட முடியாத ஒன்றை வைத்து எப்படிச் சம்பாதிப்பது? அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் பிளகின்.

பிளகின் என்றால் என்ன?

தமிழில் 'செருகுநிரல்' என்பார்கள். மூல மென்பொருளில் கை வைக்காமல், கூடுதலாக ஒரு வசதியைச் செருகுவது. டிராக்டர் ஒன்றுதான். பின்னால் கலப்பையும் மாட்டலாம், ரோட்டவேட்டரும் மாட்டலாம், டிப்பரும் மாட்டலாம் இல்லையா? அது போலத்தான்.

வூகாமர்ஸ் மென்பொருளை மட்டும் போட்டாலே பொருள்களை அடுக்கலாம், படம் போடலாம், கூடையில் சேர்க்கலாம், தள்ளுபடி கூப்பன் கொடுக்கலாம், வரி விகிதம் போடலாம், வீட்டு வாசலில் காசு வாங்கும் வசதியும் வைக்கலாம். சின்னக் கடைக்கு இதுவே போதும்.

எங்கே தட்டுப்படும்? ஒரு பாரம்பரிய அரிசிக் கடையை வைத்துக்கொள்வோம். 1 கிலோ பாக்கெட்டும் போகும், 25 கிலோ மூட்டையும் போகும். பொம்மை விற்பவருக்கு எல்லாப் பார்சலுக்கும் ஒரே கட்டணம் வைத்தால் சமாளித்துவிடலாம். அரிசிக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு 2 கிலோ அனுப்பும் செலவும் 20 கிலோ அனுப்பும் செலவும் ஒன்றா? மொத்த எடை ஏற ஏறக் கட்டணம் மாறும் அட்டவணை வேண்டும். வூகாமர்ஸில் அதற்கான அதிகாரப்பூர்வ பிளகின் காசு கொடுத்து வாங்க வேண்டியது. மற்றவர்கள் எழுதிய இலவச மாற்றுகளும் உண்டு.

அதே போல, மாதம் 10 கிலோ தானாக ஆர்டர் ஆகும் சந்தா முறை வேண்டுமானால் வூகாமர்ஸின் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பிளகினும் கட்டணத்தில்தான் வருகிறது.

ரேஸர்பே போன்ற பணப் பரிமாற்ற நிறுவனங்களின் பிளகின் மட்டும் இலவசமாகவே கிடைக்கும். ஏன்? அவர்கள் பிளகினை விற்பதில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இலவசத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வரவு இருக்கிறது. அது எந்த வழியில் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

வூகாமர்ஸ் வளர்ந்த கதை

இந்த முறைக்கு உலகிலேயே தெளிவான உதாரணம் வூகாமர்ஸ்தான். வேர்ட்பிரஸ் தளங்களுக்கு வடிவமைப்பு விற்றுவந்த வூதீம்ஸ் என்ற நிறுவனம், 2011-ல் ஜிகோஷாப் என்ற ஓப்பன் சோர்ஸ் கடை மென்பொருளின் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்க ஆரம்பித்தது. ஜிகோஷாப்பில் வேலை பார்த்த இருவரையும் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. ஜிகோஷாப்காரர்களுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் ஜிபிஎல் உரிமப்படி அது முழுக்க சட்டபூர்வமானது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வூகாமர்ஸ் வெளியானது. மூல மென்பொருள் இலவசம், மேலே மாட்டும் பிளகின்களுக்குக் காசு. இந்தக் கணக்கு பிடித்துக்கொண்டது. 2015-ல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூதீம்ஸை வாங்கியது.

இடையில் 2013-ல் நடந்த ஒரு சண்டை இன்றைக்கும் பாடம். அதுவரை ஒரு தடவை காசு கொடுத்தால் அப்டேட்டும் உதவியும் காலத்துக்கும் உண்டு என்று விற்றுவந்தார்கள். அந்த ஆண்டு, இனி ஓராண்டுக்கு மட்டும்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். பழைய வாடிக்கையாளர்களையும் முதலில் அதற்குள் கொண்டுவந்ததால் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் பழையவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். புதியவர்களுக்கு ஆண்டுச் சந்தா நிலைத்தது.

ஏன் அப்படி மாற்றினார்கள்? காசு ஒரு தடவைதான் வருகிறது, வேலை வருஷா வருஷம் இருக்கிறது. இந்த முடிச்சு புரிந்தால் பிளகின் வியாபாரம் முழுக்கப் புரிந்துவிடும்.

ஒரு தடவை எழுதினா போதாதா? வருஷா வருஷம் ஏன் காசு?

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். வாய்க்கால் ஒரு தடவை வெட்டியதுதான். ஆனாலும் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் தூர்வாரினால்தான் தண்ணீர் வயலுக்கு வரும். அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தது.

மென்பொருளும் அப்படித்தான். எழுதி முடித்த நிரல் அப்படியே கிடந்தாலும், சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்:

- 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தன. சந்தா முறையில் விற்ற கடைகளின் பல கட்டணங்கள் நின்றுபோயின.
- 2022 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைக்காரர்கள் சேமித்து வைக்கக் கூடாது, 'டோக்கன்' முறைதான் என்று ஆனது.
- 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது. சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு இல்லை. ஒரே அரிசிக்கு இரண்டு விதமான பில் போட வேண்டிய நிலை.
- 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களே மாற்றி அமைக்கப்பட்டன.

வரி விகிதத்தைக் கடைக்காரரே அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பணம் எடுக்கும் முறை மாறினாலோ, பில் வடிவம் மாறினாலோ யாராவது உட்கார்ந்து நிரலைத் திருத்தியாக வேண்டும்.

இது போதாதென்று மென்பொருளே மாறும். 2023 அக்டோபரில் வூகாமர்ஸ், புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு ஆர்டர் விவரங்களைச் சேமிக்கும் முறையையே மாற்றியது. ஆர்டரைத் தொடும் பிளகின்கள் எல்லாம் அதற்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டியிருந்தது.

ஓட்டைகளும் விழும். 2021 ஜூலையில் வூகாமர்ஸ் மூல மென்பொருளிலேயே ஆபத்தான பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, பல பழைய பதிப்புகளுக்கும் சேர்த்து அவசரத் திருத்தம் அனுப்பப்பட்டது. அப்படி உடனே உட்கார்ந்து வேலை பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தால்தான் முடியும்.

ஆக, பிளகினுக்குக் கொடுக்கும் காசு நிரலுக்கான விலை என்று நினைப்பதைவிட, தூர்வாரும் கூலி என்று நினைப்பதே சரி.

காசு கொடுப்பவர் யார், அனுபவிப்பவர் யார்?

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. பெரும்பாலானவர்கள் காசு கொடுப்பதே இல்லை. இலவசப் பதிப்பு போதும் என்று இருந்துவிடுவார்கள். கொஞ்சம் பேர் கொடுக்கும் காசில்தான் எல்லோருக்கும் இலவசப் பதிப்பு கிடைக்கிறது.

ஒரு கணக்குக்கு, 100 கடைகளில் 2 கடைகள் மட்டும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்து 'ப்ரோ' பதிப்பு வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

- 1,000 கடைகள் பயன்படுத்தினால் 20 பேர் கொடுப்பார்கள். வரவு 1 லட்சம் ரூபாய். ஒரு நிரலாளருக்கு ஆண்டுச் சம்பளம்கூடத் தேறாது.
- 1 லட்சம் கடைகள் பயன்படுத்தினால் 2,000 பேர் கொடுப்பார்கள். வரவு 1 கோடி ரூபாய். ஒரு சின்னக் குழு நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

பிளகின் நிறுவனங்கள் இலவசப் பதிப்பை ஏன் வாரி வழங்குகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும். இலவசப் பதிப்புதான் அவர்களுடைய விளம்பரம். கூட்டம் பெரிதாக இருந்தால்தான் அதில் இரண்டு சதவீதம் என்பது ஒரு தொகையாக மாறும்.

தமிழ்நாட்டில் இப்படி யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஃப்ளைகார்ட் என்ற தமிழ்நாட்டு நிறுவனத்தின் 'டிஸ்கவுன்ட் ரூல்ஸ்' பிளகின், வூகாமர்ஸில் தள்ளுபடி விதிகள் போடுவதற்கானது. "10 கிலோவுக்கு மேல் வாங்கினால் கிலோவுக்கு இவ்வளவு குறைவு" என்பது போன்ற விதிகள். இலவசப் பதிப்பும் உண்டு, காசு கட்டும் ப்ரோ பதிப்பும் உண்டு. ஜூம்லா தளங்களில் கடை நடத்த உதவும் ஜே2ஸ்டோர் தமிழ்நாட்டு நிரலாளர்கள் உருவாக்கியது. அதுவும் ஜிபிஎல் உரிமம், அதே இலவசம் பாதி, ப்ரோ பாதி கணக்கு. இப்போது ஜே2காமர்ஸ் என்ற பெயரில் தொடர்கிறது.

நொய்டாவைச் சேர்ந்த வெப்கல் நிறுவனம் பகிஸ்டோ என்ற முழு கடை மென்பொருளையே ஓப்பன் சோர்ஸாகக் கொடுக்கிறது. பல விற்பனையாளர்கள் சேர்ந்து விற்கும் சந்தை போன்ற கூடுதல் வசதிகளைத் தனியாக விற்கிறது. மும்பையின் ஃப்ரேப்பே நிறுவனம் வேறு வழியில் போகிறது. அதன் இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். காசு வருவது பெரும்பாலும் அதைத் தன் சர்வரில் ஏற்றி நடத்தித் தரும் சேவையில் இருந்து.

தஞ்சாவூரிலும் 2024 செப்டம்பரில் டைடல் நியோ தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரிகளும் சுற்றிலும் இருக்கின்றன. பிளகின் தொழிலுக்குப் பெரிய முதலீடு வேண்டாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவும் வேண்டாம். நல்ல நிரல், தெளிவான ஆங்கில விளக்கக் குறிப்பு, கேட்கும் கேள்விக்கு மறுநாளே பதில். இவை இருந்தால் தஞ்சாவூரில் உட்கார்ந்து உலகத்துக்கே விற்கலாம்.

அப்போ கடைமடைக்கு?

இந்த முறையின் பெரிய குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

டெல்டாவில் பலர் இன்னும் பஸ்ஸில் பார்சல் போட்டுத்தான் சரக்கு அனுப்புகிறார்கள். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று வாடிக்கையாளரையே கேட்டு, அதற்கேற்பக் கட்டணம் போடும் ஒரு பிளகின் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? தமிழிலேயே பில் அச்சாகும் பிளகின் இருந்தால்? குருவை அறுப்புக்கு முன்பே அரிசிக்கு முன்பதிவு வாங்கி, அறுத்து அரைத்த பிறகு எடையைச் சரிசெய்து கணக்கு முடிக்கும் பிளகின் இருந்தால்?

அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்படி ஒன்று தேவைப்படும் கடைகள் 300 என்று வைத்தால், காசு கொடுப்பவர் 6 பேர். வரவு ஆண்டுக்கு 30,000 ரூபாய். இதை நம்பி யார் எழுதுவார்?

காசு கொடுக்கும் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளகின் பாயும். அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்கு என்ன வேண்டுமோ அது முதலில் வரும். நம் தேவை கடைமடை வயல் மாதிரி. தலைமடை நிறைந்த பிறகு மிச்சம் வந்தால்தான் உண்டு. விலையும் பெரும்பாலும் டாலரில். அங்கே ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு, இங்கே ஒரு மூட்டை அரிசியின் லாபம்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு கடையும் தனித்தனியாகச் சந்தா கட்டும் முறையில் வராதது, சேர்ந்து செலவு செய்தால் வரும். 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. டெல்டாவிலும் இத்தகைய நிறுவனங்கள் இயங்குகின்றன. 20 நிறுவனங்கள் தலைக்கு 10,000 ரூபாய் போட்டால் 2 லட்சம். உள்ளூர் நிரலாளர் ஒருவரை வைத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பிளகினை எழுதி வாங்கி, ஓப்பன் சோர்ஸாகவே வெளியிடலாம். பிறகு ஆண்டுக்கு தலைக்கு 2,000 ரூபாய் போட்டால் பராமரிப்புக்கு 40,000 ரூபாய். ஊர் கூடித் தூர்வாருவது இதுதானே?

நன்கொடை வழியும் இந்தியாவில் திறந்திருக்கிறது. பங்குச் சந்தை நிறுவனமான ஜெரோதா, 2024 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் 'ஃப்ளாஸ் ஃபண்ட்' நிதியை அறிவித்தது.

காசு கொடுத்த பிளகினை நண்பருக்குக் கொடுக்கலாமா?

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. ஜிபிஎல் உரிமத்தில் வந்த பிளகின் என்றால், சட்டப்படி கொடுக்கலாம். உரிமமே அதை அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது நிரலை மட்டும் அல்ல. அப்டேட் வரும் சாவியும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஆளும் உங்கள் கணக்கோடு இருப்பவை. நண்பருக்கு அது கிடைக்காது.

எல்லாப் பிளகினும் ஜிபிஎல் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பகிஸ்டோவின் மூல மென்பொருள் எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் வருகிறது. அதற்கு எழுதும் பிளகினைப் பூட்டி விற்க அந்த உரிமம் தடை சொல்லாது. வாங்கும்போது உரிமத்தைப் படித்துவிடுவது நல்லது.

ஆனால் இணையத்தில் 'நல்டு' என்ற பெயரில் சும்மா கிடைக்கும் ப்ரோ பிளகின்களைத் தொடவே தொடாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பூட்டை உடைத்தவர் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனார் என்று உங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளரின் முகவரி, போன் நம்பர், ஆர்டர் விவரம் எல்லாம் இருக்கும் இடம் அது. அப்டேட்டும் வராது என்பதால், நாளைக்கு ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை.

வேறு என்ன ஆபத்து இருக்கு?

பிளகின் எழுதியவர் ஒரு நாள் தொழிலை விட்டுப் போகலாம். வேறு நிறுவனம் வாங்கி விலையை ஏற்றலாம். பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டால் நடுவில் நாம் மாட்டலாம். 2024-ல் ஆட்டோமேட்டிக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் சண்டை வந்தபோது, டபிள்யூபி எஞ்சின் நடத்திய ஏசிஎஃப் என்ற பிரபல பிளகினின் பக்கத்தை வேர்ட்பிரஸ்.ஆர்க் தரப்பு அக்டோபரில் தன் கைக்குள் எடுத்து வேறு பெயரில் விட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டு இடைக்கால உத்தரவு போட்ட பிறகே அது திரும்பியது.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. நிரல் திறந்திருப்பதால், எழுதியவர் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்த முடியும். வாடகைக் கடையில் அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் எடுத்து நடத்த ஆளும், அந்த ஆளுக்குக் கூலியும் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

காசு கொடுப்பதற்கு முன் என்ன பார்க்கணும்?

- இலவசப் பதிப்பை முதலில் ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் விற்ற பிறகுதான் உண்மையில் எது தேவை என்று தெரியும். கடை திறக்கும் அன்றே பத்து பிளகின் வாங்க வேண்டாம்.
- கடைசி அப்டேட் எப்போது வந்தது? ஓராண்டாக எதுவும் வரவில்லை என்றால் யோசியுங்கள்.
- கேள்விக்குப் பதில் வருகிறதா? வாங்குவதற்கு முன்பே ஒரு சந்தேகம் கேட்டு எழுதுங்கள். பதில் வரும் வேகமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.
- புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும்? சிலவற்றில் பிளகின் தொடர்ந்து ஓடும், அப்டேட் மட்டும் நிற்கும். சிலவற்றில் வசதியே நின்றுவிடும்.
- இரண்டாம் ஆண்டு விலை என்ன? முதல் ஆண்டுத் தள்ளுபடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
- உங்கள் தரவை வெளியே எடுக்க முடியுமா? வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியலை ஒரு எக்செல் கோப்பாக எடுக்க முடிய வேண்டும்.
- யார் பெயரில் வாங்குகிறீர்கள்? தளம் அமைத்துத் தருபவர் தன் கணக்கில் வாங்கிப் போட்டால், நாளை அவரை மாற்றும்போது சாவி அவரிடமே இருக்கும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் வாங்கச் சொல்லுங்கள்.

ஆக மொத்தம்?

ஓப்பன் சோர்ஸ் கடை மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம், யாரோ சிலர் எங்கோ பிளகினுக்குக் காசு கட்டிக்கொண்டிருப்பதுதான். சின்னக் கடைக்காரர் அந்த இலவசத்தை வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. கடை வளர்ந்து, உண்மையிலேயே ஒரு வசதி தேவைப்படும்போது காசு கொடுத்தால், அது வீண் செலவும் இல்லை.

ஆனால் நமக்கு வேண்டியதையும் யாரோ எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தால் வராது. பஸ் பார்சலுக்கும் தமிழ் பில்லுக்கும் பிளகின் வேண்டுமானால், அதற்குக் கொடுக்கும் கூட்டமாக டெல்டா வியாபாரிகளும் உழவர் நிறுவனங்களும்தான் சேர வேண்டும். எழுதித் தர நிரலாளர்கள் தஞ்சாவூரிலேயே இருக்கிறார்கள்.